குற்றச்சாட்டைத் தெரிவு செய்யும் அதிகாரம்: வாசகர் கேள்விகளும் சட்டத்தரணியின் பதில்களும்

இம்முறை வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டிக் குற்றவியல் சட்டத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரு பிள்ளையாவது கடல் கடந்து போகாத வீடு இங்கு குறைவு என்பதால் அந்தக் கேள்விகளில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து இங்கே தருகிறோம்.

கேள்வி: சமஷ்டி ஆட்சி வேண்டும் என்று எங்கள் மக்கள் 1949ஆம் ஆண்டு முதல் கேட்டு வருகிறார்கள். ஆனால் சமஷ்டி நாடொன்றில் கொலை, கொள்ளை போன்ற வழக்குகளை யார் தொடுப்பது, மத்திய அரசா மாநிலமா என்பதை எவரும் விளக்கிச் சொன்னதில்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு அரசுகளும் வழக்குத் தொடுக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: அமெரிக்காவில் குற்றவியல் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களிலேயே நடக்கின்றன. கொலை, களவு, தாக்குதல் போன்றவை இயல்பாக மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு ஒரு செயலைக் குற்றமாக்க வேண்டுமானால், அரசியலமைப்பு தனக்குத் தந்த அதிகாரங்களில் ஒன்றை, உதாரணமாக மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை, அதற்கு அடிப்படையாகக் காட்டியாக வேண்டும். பாடசாலைச் சூழலில் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்த மத்திய சட்டமொன்று அத்தகைய அடிப்படை இல்லாதது என்று கூறி, 1995இல் லோப்பெஸ் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதைச் செல்லுபடியற்றதாக்கியது. ஆயினும் தபால், தொலைபேசி, வங்கி, இணையம் என்பன எல்லைகளைக் கடந்து செல்பவை ஆதலால், நடைமுறையில் மத்திய சட்டத்தின் கை மிக நீளமானது. நாடு 94 சமஷ்டி நீதிமன்ற மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றில் வழக்குத் தொடுக்கும் தலைமை அதிகாரிகளை சனாதிபதி செனற் சபையின் சம்மதத்துடன் நியமிக்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆம் என்பதே. மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி இறைமைகள் என்பதால், ஒன்றின் தீர்ப்பு மற்றதன் கையைக் கட்டாது என்ற கொள்கையை 2019இல் காம்பிள் வழக்கில் உயர் நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. எதிரியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கொடுமையானது. ஒரே செயலுக்காக ஒருவரை இருமுறை அலைக்கழிக்கலாகாது என்ற பழைய நியாயத்தோடு இது மோதுகிறது. அதே கொள்கை அதிகாரமற்ற மக்களுக்குக் கதவு திறந்த சந்தர்ப்பங்களும் உண்டு. ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் அடித்த காட்சியை உலகமே பார்த்தது. ஆனாலும் 1992இல் கலிபோர்னிய மாநில நீதிமன்றத்தின் ஜூரர்கள் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. அதே ஆண்டில், குடியியல் உரிமைகளை மீறியதாக மத்திய அரசு அதே பொலிஸார் மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டுச் சிறை சென்றனர். ஜோர்ஜ் புளொய்டைக் கொன்ற பொலிஸ் அதிகாரி மினசோட்டா மாநில நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற பின்னர், சமஷ்டி நீதிமன்றத்திலும் குற்றத்தை ஏற்று 2022இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இங்கே நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களை உருவாக்கியது. வவுனியாவில் இருப்பதும் அவ்வகை நீதிமன்றமே. ஆனால் அங்கே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது கொழும்பிலுள்ள சட்டமா அதிபர்தான். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் சிங்கள மொழி பேசும் ஜூரர்கள் எதிரிகள் அனைவரையும் விடுவித்தபோது, அதே சம்பவத்தை வேறொரு இறைமையின் பெயரில் இன்னொரு நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்லும் வழி எவருக்கும் இருக்கவில்லை. சமஷ்டியைப் பற்றிப் பேசும்போது காணி, பொலிஸ், நிதி என்று அடுக்குகிறோம். வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் அந்த வரிசையில் முன்னுக்கு வர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் மகன் அமெரிக்காவுக்குப் போய்ச் சில வருடங்களாகின்றன. வங்கி அட்டை மோசடியில் ஈடுபட்ட சிலருடன் சேர்ந்திருந்தான் என்று பிடித்து, சமஷ்டி வழக்குப் போட்டிருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், விசாரணைக்குப் போனால் கூடும் என்று நீதிமன்றம் கொடுத்த சட்டத்தரணி சொல்கிறாராம். தான் எல்லாவற்றையும் செய்யவில்லை என்று பிள்ளை அழுகிறான். இங்கே ஒருவர், தனக்கு அங்கே ஆட்கள் இருப்பதாகவும் பணம் தந்தால் வழக்கை முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். நான் என்ன செய்வது?
— ஒரு தாய், முழங்காவில்

பதில்: அம்மா, முதலில் அந்தப் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வறியவரான எதிரிக்கு அரச செலவில் சட்டத்தரணி அமர்த்தப்பட வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் கிடியன் தீர்ப்பிலிருந்து அந்நாடு முழுவதற்கும் பொருந்தும் விதி. சமஷ்டி நீதிமன்றங்களில் அதற்கென்றே முழுநேரம் பணியாற்றும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். அவர்கள் தேர்ச்சி மிக்கவர்கள். இங்கிருந்து எவராலும் அந்த வழக்கை ‘முடிக்க’ முடியாது. அப்படிச் சொல்பவர் உங்கள் கண்ணீரை விற்கிறார்.

இனி, குற்றத்தை ஒப்புக்கொள்வது பற்றி. அங்கே சமஷ்டி நீதிமன்றங்களில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படுவோரில் 97 வீதமானோர் விசாரணை நடைபெறாமல், தாமாகக் குற்றத்தை ஏற்றதன் மூலமே தீர்க்கப்படுகிறார்கள் என்று 2012இல் பிறை வழக்கின் தீர்ப்பில் உயர் நீதிமன்றமே எழுதியது. ஆகவே உங்கள் மகனின் சட்டத்தரணி சொல்வது அவர் சோம்பலால் சொல்வதென்று எண்ண வேண்டாம். அந்த முறைமை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எப்படியென்றால், ஒரே செயலுக்குப் பல சட்டப் பிரிவுகள் பொருந்தும். அவற்றில் எதைக் குற்றச்சாட்டாக எழுதுவது என்பதை வழக்குத்தொடுநர் மட்டுமே தெரிவு செய்கிறார். அட்டை மோசடிக்குக் கூட்டுச்சதி என்று மட்டும் எழுதினால் உச்ச தண்டனை ஐந்து ஆண்டுகள். தொலைத்தொடர்பு வழி மோசடி என்று எழுதினால் உச்சம் 20 ஆண்டுகள். அதனுடன் பிறருடைய அடையாளத்தைக் களவாடிய பாரதூரமான குற்றம் என்ற இன்னொரு பிரிவையும் சேர்த்தால், மற்றத் தண்டனை எதுவாயினும் அது முடிந்த பின் மேலதிகமாக இரண்டு ஆண்டுகளை அனுபவித்தே ஆக வேண்டும். நீதிபதி இரங்கினாலும் அந்த இரண்டு ஆண்டுகளைக் குறைக்க முடியாது. இரணைமடுக் குளத்துத் துருசை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்பவர் வயலுக்குப் போகும் நீரின் அளவையும் முடிவு செய்துவிடுவது போல, குற்றச்சாட்டைத் தெரிவு செய்பவரே தண்டனையின் எல்லையையும் பெரும்பாலும் தெரிவு செய்துவிடுகிறார். ‘இந்தப் பிரிவை நீக்கிவிடுகிறேன், நீ குற்றத்தை ஏற்றுக்கொள்’ என்ற பேரம் அங்கிருந்துதான் பிறக்கிறது. குற்றமற்றவர்கூட அச்சத்தில் தலையசைக்கும் ஆபத்து அதற்குள் இருக்கிறது என்பதை அந்நாட்டு நீதிபதிகளும் சட்ட அறிஞர்களும் வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்கள்.

ஆதலால் உங்கள் மகன் தன் சட்டத்தரணியிடம் சில விடயங்களைத் தெளிவாகக் கேட்க வேண்டும். முதலாவது, அந்த இரண்டு ஆண்டுப் பிரிவு அவன் மீது சாட்டப்பட்டுள்ளதா என்பது. சாட்டப்பட்டிருந்தால், 2023இல் டுபின் வழக்கில் உயர் நீதிமன்றம் அப்பிரிவைச் சுருக்கியதை அவர் கவனித்தாரா என்றும் கேட்கட்டும். பிறருடைய பெயரோ இலக்கமோ மோசடிக்கு இடையில் எங்கோ பயன்பட்டது என்பது போதாது, அந்த அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்தியதே குற்றத்தின் மையமாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு.

இரண்டாவது விடயம் இன்னும் பெரியது. அவன் அந்நாட்டுப் பிரசை அல்ல. ஒரு மோசடிக் குற்றத்தில் இழப்பு 10,000 டொலருக்கு மேற்பட்டதாகக் காணப்பட்டால், குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்ற வகையில் வைக்கிறது. அதன் விளைவு நாடு கடத்தப்படுதல். அரசியல் தஞ்சம் கோரும் தகுதியும் இல்லாமற் போகும். ஒப்பந்தத்தில் எழுதப்படும் இழப்புத் தொகை 9,500 டொலரா 10,500 டொலரா என்பது சிறைக்காலத்தில் பெரிய மாற்றத்தைச் செய்யாமல் இருக்கலாம். அவனுடைய வாழ்க்கை முழுவதையும் அது மாற்றிவிடும். குற்றத்தை ஏற்றால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைச் சொல்லிக் கொடுப்பது எதிரியின் சட்டத்தரணியின் கடமை என்று 2010இல் படில்யா வழக்கில் தீர்க்கப்பட்டிருக்கிறது. குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவருடன் கலந்தாலோசிக்கும்படி அவன் கேட்பது அவனுடைய உரிமை; அது நன்றிகெட்ட செயல் அல்ல.

மூன்றாவது, மொழி. ஆங்கிலம் ஓரளவு விளங்கும் என்று வெட்கத்தினால் சொல்லிவிடுவது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். சமஷ்டி நீதிமன்ற அமர்வுகளில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை 1978ஆம் ஆண்டின் சட்டமொன்று தருகிறது. ஒப்பந்தப் பத்திரம் வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டப்படும் வரை அவன் கையெழுத்திடக் கூடாது. அதில் மேன்முறையீட்டு உரிமையைக் கைவிடுவதாக ஒரு பந்தி பெரும்பாலும் இருக்கும். அதைக் குறிப்பாக விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பின்னும், நீதிபதி திறந்த மன்றில் அவனை நேரடியாக விளித்து, எவரேனும் பயமுறுத்தினார்களா, தன்விருப்பத்துடன்தான் ஏற்கிறாயா, உண்மையில் அதைச் செய்தாயா என்று கேட்பார். செய்யாததைச் செய்தேன் என்று அங்கே சொல்லிவிட்டால், அதைப் பிறகு திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

இன்னொன்று, அம்மா. தடுப்பிலிருந்து அவன் எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன, தமிழில் பேசினாலும் அப்படித்தான். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று கேளுங்கள். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம். அதைச் சட்டத்தரணியுடன் மட்டும் அவன் பேசட்டும். அவனுடைய பாடசாலைச் சான்றிதழ்கள், போர்க்காலத்தில் நீங்கள் இடம்பெயர்ந்த விபரம், குடும்ப நிலை, மருத்துவப் பத்திரங்கள் என்பவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் அந்தச் சட்டத்தரணிக்கு அனுப்பி வையுங்கள். தண்டனை விதிக்கும் நாளில் நீதிபதி அவற்றைக் கருத்தில் எடுக்கலாம். நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே.

கேள்வி: அங்கே நன்னடத்தைக்காக முன்கூட்டியே விடுவார்களா?
— வாசகர், மல்லாவி

பதில்: 1987 நவம்பர் முதலாந் திகதிக்குப் பின்னர் செய்யப்பட்ட சமஷ்டிக் குற்றங்களுக்குப் பரோல் இல்லை. நன்னடத்தைக்காக விதிக்கப்பட்ட தண்டனையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 54 நாட்கள் வரை கழிக்கப்படும். 2018ஆம் ஆண்டின் சட்டமொன்று, பயிற்சி வகுப்புகளில் பங்குபற்றுவோருக்கு மேலும் சலுகை தந்தது. ஆனால் இறுதியான நாடு கடத்தல் கட்டளை பெற்றவர்கள் அந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியாது.

கேள்வி: விடுதலைப் புலிகள் மீதான தடை அமெரிக்காவில் இன்னும் இருக்கிறது என்பதால், எங்கள் கிராம முன்பள்ளிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவி கேட்டால் அங்குள்ள உறவினர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் காரணம் உண்டா?
— கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், புதுக்குடியிருப்பு

பதில்: பயத்துக்கு வரலாறு உண்டு, ஆனால் உங்கள் முன்பள்ளிக்கு அது பொருந்தாது. 1996இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று, வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலிடப்பட்ட ஒன்றுக்குத் தெரிந்துகொண்டே பொருள் உதவி செய்வதைக் குற்றமாக்கியது. 1997 ஒக்டோபரில் வெளியான முதலாவது பட்டியலிலேயே விடுதலைப் புலிகள் சேர்க்கப்பட்டனர். இன்று அக்குற்றத்துக்கான தண்டனை 20 ஆண்டுகள் வரை செல்லும்.

அந்தச் சட்டத்தின் எல்லையைத் தீர்மானித்த வழக்கிலேயே எங்கள் கதையும் கலந்திருக்கிறது. மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் நீதிமன்றம் சென்று, சர்வதேசச் சட்டத்தின்படி பிணக்குகளைச் சமாதானமாகத் தீர்க்கும் முறையையும் ஐக்கிய நாடுகள் சபைக்கு முறையிடும் வழியையும் கற்றுக்கொடுப்பதுகூடக் குற்றமாகுமா என்று கேட்டார்கள். முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்து ஓராண்டுக்குப் பின்னர், 2010 ஜூன் மாதத்தில், ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மையால் ஆம் என்று தீர்ப்பு வந்தது. அமைப்பின் வழிகாட்டலுடனோ அதனுடன் ஒருங்கிணைந்தோ செய்யப்படும் உதவி, சொல்லால் ஆனதாயினும் தடைசெய்யப்படலாம். எவருடனும் தொடர்பின்றித் தன் கருத்தை ஒருவர் பேசுவதும் எழுதுவதும் குற்றமல்ல என்பது அதன் சாரம். சமாதானத்தைக் கற்பிப்பது எவ்வாறு பயங்கரவாதத்துக்கு உதவியாகும் என்று நீதிபதி பிறேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இன்னும் இரு நீதிபதிகள் இணைந்தனர். சமாதானத்தின் பக்கம் எவரையேனும் திருப்ப முயன்றவர்களையும் அச்சுறுத்தியதால், பெரும்பான்மைத் தீர்ப்பு தவறானது என்றே நானும் கருதுகிறேன்.

ஆனாலும் குற்றம் நிறுவப்பட வேண்டுமானால், உதவி பெறுவது பட்டியலிடப்பட்ட அமைப்பு என்பதும், கொடுப்பவர் அதை அறிந்திருந்தார் என்பதும் காட்டப்பட வேண்டும். தாய்க்கு அனுப்பும் பணமோ, பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் வங்கிக் கணக்கில் முன்பள்ளிக் கட்டடத்துக்கு வரவிடும் பணமோ அதற்குள் அடங்காது. உங்கள் பங்குக்கு, சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், கூட்ட அறிக்கை, பற்றுச்சீட்டு, பயனாளிகளின் விபரம் ஆகியவற்றை ஒழுங்காகப் பேணி அனுப்புபவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பணம் கைமாற்றாக வராமல் வங்கி வழியாக வரட்டும்.

கேள்வி: ‘சும்மா கதைக்கத்தான் கூப்பிடுகிறோம்’ என்று புலனாய்வுப் பிரிவினர் அழைக்கும்போது போய்ப் பேசுவது நல்லதா? அமெரிக்காவில் இதற்கு என்ன விதி?
— கமக்காரர், நெடுங்கேணி

பதில்: அமெரிக்க விதியில் எங்களவர் பலர் அறியாத ஒரு பொறி இருக்கிறது. பேசாமல் இருப்பது அங்கே உரிமை. ஆனால் பேசத் தொடங்கிய பின், முக்கியமானதொரு விடயத்தில் சமஷ்டி அதிகாரியிடம் தெரிந்துகொண்டே பொய் சொன்னால், அந்தப் பொய்யே ஐந்து ஆண்டுகள் வரை சிறையில் வைக்கக்கூடிய தனிக் குற்றமாகும். சத்தியம் செய்திருக்கத் தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. வீட்டு வாசலில் நின்று எவ்.பி.ஐ. அதிகாரியிடம் ‘நான் அவரைக் கண்டதே இல்லை’ என்று சொன்னதும் போதும். குற்றத்தை மறுக்கும் வெறும் ‘இல்லை’ என்ற சொல்லுக்கும் விலக்கு இல்லை என்று 1998இல் உயர் நீதிமன்றம் சொன்னது. தொலைக்காட்சிப் புகழ் பெற்ற மார்த்தா ஸ்டுவேர்ட் 2004இல் சிறை சென்றது பங்கு விற்பனைக்காக அல்ல. விசாரணையாளர்களிடம் பொய் சொல்லி, விசாரணைக்குத் தடை ஏற்படுத்தியதற்காகவே. மூலக் குற்றத்தை நிரூபிக்க முடியாதபோது வழக்குத்தொடுநர் இந்தப் பிரிவைத் தெரிவு செய்வது அங்கே வழமை. ஆதலால், ‘என் சட்டத்தரணியுடன் பேசிவிட்டு வருகிறேன்’ என்பதே அங்குள்ள உங்கள் உறவினர் பணிவாகச் சொல்ல வேண்டிய ஒரே பதில்.

எங்கள் நாட்டுச் சாதாரண சட்டம் இந்த விடயத்தில் நல்ல சட்டம். பொலிஸ் அதிகாரியிடம் செய்யும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தக் காப்பை 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அகற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்படும். அது தன்விருப்பத்துடன் கொடுக்கப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில் ஏற்றப்பட்டது. சிங்கராசா வழக்கில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் பெருவிரல் அடையாளம் இட்டதைக் கொண்டு நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004இல் அது நியாயமான விசாரணை அல்ல என்று கண்டது. வன்னியில் எத்தனையோ குடும்பங்களுக்கு இது செய்தித்தாளில் படித்த விடயம் அல்ல.

உங்களுக்குச் சொல்வது இதுதான். அழைப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விடயம் தொடர்பாக என்றும் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். போகும் முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கோ சட்டத்தரணிக்கோ அறிவித்துவிட்டுப் போங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை; தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எதற்கும் கையெழுத்து வைக்க வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும்.

கேள்வி: சட்டமா அதிபர் அரசுக்கு ஆலோசகராகவும் வழக்குத்தொடுநராகவும் இருப்பதே எங்கள் பிரச்சினை என்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இப்போது அங்கு விவாதிக்கப்படுவது என்ன?
— சட்டக் கல்லூரி மாணவி, வவுனியா

பதில்: தீரவில்லை. அங்கும் சட்டமா அதிபர் அமைச்சரவையில் இருப்பவர். சமஷ்டி வழக்குத்தொடுநர்களைச் சனாதிபதி பதவி நீக்கலாம். அரசியல் தலையீடு கூடாது என்பது பெரிதும் மரபாகவே காக்கப்பட்டு வந்தது, அந்த மரபு இப்போது கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. 2025 பெப்ரவரியில், நியூயோர்க் மாநகர முதல்வர் எரிக் அடம்ஸ் மீதான ஊழல் வழக்கைக் கைவிடும்படி வொஷிங்டனிலிருந்து கட்டளை வந்தபோது, அம்மாவட்டத்தின் பதில் தலைமை வழக்குத்தொடுநர் அதற்கு இணங்காமல் பதவி விலகினார். வேறு சிலரும் விலகினர். ஆனால் அந்நாட்டு நடைமுறை விதிகளின்படி, தாக்கல் செய்த வழக்கைக் கைவிட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வழக்கை நடத்தும்படி அரசைக் கட்டாயப்படுத்த நீதிபதியால் முடியாது. இருந்தும், விரும்பிய வேளையில் மீண்டும் தொடுக்கலாம் என்ற நிபந்தனையுடன் கைவிட அரசு கேட்டதை அவர் மறுத்து, இனி ஒருபோதும் தொடுக்க முடியாதவாறு வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒரு மனிதரின் தலைக்கு மேல் வழக்கைத் தொங்கவிட்டு அவரை ஆட்டிவைக்கும் வழி அதனால் அடைக்கப்பட்டது.

மற்றொரு போக்கையும் கவனியுங்கள். சமஷ்டிக் குற்றப் பிரிவுகளை வழக்குத்தொடுநர்கள் அகலமாக நீட்டுவதை உயர் நீதிமன்றம் தொடர்ந்து சுருக்கி வருகிறது. 2023இல் சிமினெல்லி வழக்கு மோசடிக் குற்றத்தைச் சுருக்கியது. 2024இல் ஸ்னைடர் வழக்கு, மத்திய நிதி பெறும் மாநில, உள்ளூர் அதிகாரிகள் காரியம் முடிந்த பின் பெறும் வெகுமதியை அவர்களுக்கான இலஞ்சப் பிரிவுக்குள் கொண்டுவர முடியாது என்றது. அதே ஆண்டில் பிஷர் வழக்கு, 2021 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடத்தில் அத்துமீறி நுழைந்தோர் மீது பயன்படுத்தப்பட்ட பிரிவின் எல்லையைக் குறுக்கியது. சில நாட்களுக்குள், சனாதிபதியின் அதிகாரபூர்வச் செயல்களுக்குக் குற்றவியல் விலக்களிப்பு உண்டு என்ற தீர்ப்பும் வந்தது. நாள்பட்ட ஓர் அநீதியும் ஓரளவு திருத்தப்பட்டது. ஜூரர்கள் விடுவித்த குற்றச்சாட்டையும் கணக்கில் எடுத்து, மற்றக் குற்றத்துக்கான தண்டனையை நீதிபதி கூட்டலாம் என்ற பழைய நடைமுறையை, 2024 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டி விதிகள் பெருமளவில் நிறுத்தின. என் கணிப்பில், சட்டப் பிரிவின் சொற்களுக்கு நேர்மையாக இருக்கும் இந்தச் சுருக்கம் வங்கி அட்டை மோசடியில் சிக்கிய ஏழைக்கும் பயன்படுவதே நல்லது. ஊழல் செய்த அதிகாரிகளே அதன் பலனை முதலில் அனுபவிப்பது வருந்தத்தக்கது.

இங்கே, 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் கீழ் தனியான பொது வழக்குத்தொடுநர் பணிப்பாளர் பதவியொன்று உருவாக்கப்பட்டு, சில ஆண்டுகளில் இல்லாமலாக்கப்பட்டது. அத்தகைய சுயாதீன அலுவலகம் பற்றிய பேச்சு இப்போது மீண்டும் எழுந்துள்ளது. அந்த அலுவலகம் யாருடைய பெயரில் இயங்கும் என்பதைவிட, எத்தனை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் கைது செய்து 30 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை, அதிலிருந்து 70 நாட்களுக்குள் விசாரணை என்று 1974ஆம் ஆண்டின் சட்டம் காலம் குறிக்கிறது. விதிவிலக்குகள் பல இருந்தாலும் கேட்பதற்கு ஒரு கணக்கு அங்கே இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட எங்கள் இளைஞர்கள் குற்றப்பத்திரிகையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் விளக்கமறியலில் கிடந்தார்கள்.

வழக்குத் தொடுக்காமல் விடும் முடிவுக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டின் சட்டமொன்று, பாதிக்கப்பட்டவர் வழக்குத்தொடுநருடன் கலந்துபேசவும், பிணை, தண்டனை போன்ற கட்டங்களில் மன்றில் தன் குரலைக் கேட்கச் செய்யவும் உரிமை தந்தது. எங்கள் நாட்டிலும் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதிய சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் தன் வழக்கின் முன்னேற்றத்தை அறியக் கேட்பதற்கு அது இடம் தருகிறது. தேர்ச்சி பெற்றுத் திரும்பியதும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு குடும்பத்துக்காகவேனும் அந்தச் சட்டத்தின் கீழ் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதி, சட்டமா அதிபர் திணைக்களத்திடமிருந்து எழுத்து மூலமான பதிலைப் பெற்றுப் பாருங்கள். வந்த பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்; அந்தக் குடும்பத்தின் சம்மதத்துடன் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.